பால் பொங்கிய படகு

அத்தியாயம் பதினொன்று

"நீங்க கோடு போட்டுக் காட்டுங்க, ஒரு பகல் குடியிருந்து பாக்கறேன். முடிஞ்சா உங்ககூட வர்றேன். முடியலீன்னா நீங்க படகுக்குப் போங்க, நான் தீப்தி ஊட்டுக்குப் போயிக்கறேன்" என்று போன வாரம் மல்லிகா ஒரு வார்த்தை விட்டாள் அல்லவா? அந்தப் பகல் இன்று விடிந்துவிட்டது.

விடிவதற்கு முன்பே கோவிந்தராஜ் மொட்டை மாடியில் இருந்தார். கையில் அளவு நாடா, ஒரு உருண்டை நூல், பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் டப்பா. தரையில் மண்டியிட்டு, பின்னால் நகர்ந்து நகர்ந்து, இரண்டு படகுகளை உண்மையான அளவிலேயே அருகருகே வரைந்துகொண்டிருந்தார். அடுத்த பிளாக் மராட்டிக்கார அம்மாள் துணி உலர்த்த வந்தவள், என்ன பூஜை என்று கேட்டாள். பூஜை இல்லை, வீடு பார்க்கிறோம் என்றார். அவள் இரண்டு புடவைகளைக் கொடியில் போட்டுவிட்டு, மூன்றாவதை மறந்துபோய்க் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோவிந்தராஜ் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கடக்வாஸ்லாவில் ராணுவ மாணவர்களுக்குப் பௌதிகம் சொல்லித்தர வந்து, தலை நரைக்கும் வரை அங்கேயே இருந்துவிட்டவர். அங்கே உள்ள ஏரியில் மாணவர்கள் பாய்ப்படகுப் பந்தயம் விடும்போது கரையில் கடிகாரம் பிடிக்கப் போனார். பிறகு ஒரு நாள் படகில் ஏறினார். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை.

மார்ச்சோடு வேலை ஓய்கிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவர் வயதுக்காரர்கள் பக்கத்தில் இருக்கும் கோத்ரூடிலோ, ஊர்ப்பக்கம் கோயமுத்தூரிலோ ஃப்ளாட் பார்க்கிறார்கள். இவர் பம்பாயில் ஒரு பழைய பாய்ப்படகை வாங்கி, அதிலேயே குடித்தனம் வைத்து, கோவா, கொச்சி என்று கரையோரமாகப் போக ஆசைப்படுகிறார். ஆசை அறுபது நாள் என்று மனைவி மல்லிகா விட்டுவைத்திருந்தாள். அந்த அறுபது நாள் இரண்டு வருஷமாக நீண்டு, கடைசியில் அவள் தலைக்கு மேலேயே வந்து படுத்துக்கொண்டது.

பம்பாயில் முகமது ரஃபீக் என்ற தரகர் கைவசம் இரண்டு படகுகள் இருந்தன. இரண்டும் முப்பது வருஷத்துப் பழசு. எது வேண்டும் என்று இன்று விளக்கு வைப்பதற்குள் சொல்லியாக வேண்டும். கோவாக்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோவிந்தராஜ் இரண்டையும் ஒரு முறை பார்த்திருக்கிறார். மழைக் காலத்தில், தார்ப்பாய் மூடியிருந்தபோது, தூரத்திலிருந்து. உள்ளே கால் வைத்ததில்லை. அந்தக் காலத்து மாப்பிள்ளை ஜன்னல் வழியாகப் பெண் பார்த்த மாதிரிதான். இருந்தாலும் ரஃபீக் அனுப்பிய நீளம், அகலம், எடை, உள்ளே எது எங்கே என்ற விவரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மகள் தீப்தி காலையிலேயே கோத்ரூடிலிருந்து ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். கம்பெனி வேலை, கணவன் மாதவ் அமெரிக்காவில். வீட்டில் ஒரு அறை காலியாகக் கிடக்கிறது. அதில் அம்மாவுக்குக் கட்டில் போடப் போன மாதமே இடம் பார்த்துவிட்டாள். ரஃபீக் மின்னஞ்சலில் அனுப்பிய படங்களை ஆபீசில் அச்செடுத்து ஒரு கவரில் கொண்டுவந்திருந்தாள். கோவிந்தராஜ் கவரை வாங்கி, காற்றில் பறக்காமல் தண்ணீர்க் குடத்தின் அடியில் வைத்தார். பிரித்துப் பார்க்கவில்லை. கோடு போடும் அவசரம்.

மல்லிகா குளித்து, தலையில் ஈரத் துண்டோடு மேலே வந்தாள். இரண்டு படகுகளையும் சுற்றிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அது தீப்திக்குத் தெரியும். பரீட்சை முடிவு வரும் நாட்களில் அம்மா அப்படித்தான் செய்வாள்.

முதல் படகைப் பற்றிச் சொல்லும்போது கோவிந்தராஜின் குரலே மாறியது. ஒல்லியான படகு, எடை குறைவு. அடியில் மீன் துடுப்பு மாதிரி ஆழமான ஒற்றைத் தகடு. லேசான காற்றுக்கே கிளம்பிவிடும், எதிர்க்காற்றிலும் முட்டிக்கொண்டு ஏறும். மற்றது ஒன்றரை நாளில் போகும் தூரத்தை இது ஒரு நாளில் போய்விடும். இரண்டாவது அகலம், நல்ல கனம். அடிக்கட்டை தலையிலிருந்து வால் வரை நீளமாக ஓடும். திருப்பினால் லாரி மாதிரி யோசித்துத்தான் திரும்பும். ஆனால் அலையில் துள்ளாது, தண்ணீர்த் தொட்டி பெரிது, சமையலறையும் அலமாரியும் தாராளம்.

"அப்ப இது குதிரை, அது எருமை" என்றாள் மல்லிகா.

கோவிந்தராஜுக்கு மனசு குதிரையில்தான். அதனால் அதையே முதலில் குடிபோகச் சொன்னார்.

மல்லிகா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு படகுக்கும் வாசல் எது என்று கேட்டு, அங்கே சின்னதாக ஒரு கோலம் போட்டாள். இனி உள்ளே வருவதானாலும் போவதானாலும் கோலத்தின் வழியாகத்தான், கோட்டைத் தாண்டினால் கடலில் விழுந்ததாகக் கணக்கு என்று மகளிடமும் கணவரிடமும் சொல்லிவிட்டாள். பம்ப் ஸ்டவ்வைக் குதிரையின் சமையலறைக் கட்டத்துக்குள் வைத்தாள். பால் வேண்டாம், வரக்காப்பிதான் என்றாள். பால் காய்ச்சுவது குடிபோகிற வீட்டில் செய்கிற காரியம். இன்னும் எது வீடு என்று தெரியவில்லையே.

உப்புமா கிளறி முடிப்பதற்குள் குதிரை அவளை நாலு இடத்தில் இடித்தது. திரும்பினால் அலமாரி, குனிந்தால் கட்டில். ஒவ்வொரு முறையும் அவளே, "இடிச்சுட்டேன்" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டாள். முன்பக்கத்துக் கட்டில் கூராக முடிந்தது. அதில் இருவரும் படுத்துப் பார்த்தார்கள். நான்கு கால்களும் ஒரே மூலையில் வந்து சேர்ந்தன. தீப்தி சிரித்தாள். கோவிந்தராஜ் சிரிக்கவில்லை. வேகமாகப் போகிற படகில் இதெல்லாம் கொஞ்ச நேரம்தானே என்று சமாதானம் சொன்னார். வேகமாகப் போய் எங்கே இறங்கப் போகிறோம், அதிலேயேதானே இருக்கப் போகிறோம் என்று அவள் கேட்டதும் அவர் அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார்.

வெயில் ஏறியதும் பழைய போர்வையைப் பந்தலாகக் கட்டிக்கொண்டு எருமைக்கு மாறினார்கள். கோலத்தின் வழியாக உள்ளே போனதுமே மல்லிகாவின் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. சமையலறையில் முழங்கையை நீட்டிச் சப்பாத்தி இட முடிந்தது. இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் பாய் விரிக்க இடம் இருந்தது. அவள் அங்கே நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"என்ற மெசினு எங்க வெக்கறது?"

இதற்குத்தான் கோவிந்தராஜ் பயந்துகொண்டிருந்தார். குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் ரவிக்கை தைப்பது மல்லிகா. அதை ஒரு வேலை என்று யாரும் கணக்கில் சேர்த்ததில்லை. ஆனாலும், தெரியாத ஊருக்கு வந்து, பேசத் தெரியாத பெண்கள் நடுவில் அவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது அந்தக் கால் மிதி மெஷினால்தான். அது இல்லாத இடத்தில் தான் வெறும் கோவிந்தராஜ் பெண்டாட்டி என்று அவளுக்கு ஒரு எண்ணம். அதை வாய்விட்டு அவள் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும்.

குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆளின் உதவியோடு மெஷின் மாடி ஏறியது. பெஞ்சுக்கும் சுவருக்கும் இடையில் வைத்தார்கள். வைத்துவிட்டு அவள் உட்கார்ந்து, இரண்டு காலையும் மிதியில் வைத்து ஓட்டினாள். எங்கும் இடிக்கவில்லை. துணி இல்லாமலே ஊசி ஏறி இறங்கியது.

மல்லிகா எழுந்தாள். பிறகு கீழே இறங்கிப் போய்ப் பால் பாத்திரத்தைக் கொண்டுவந்து ஸ்டவ்வின் மேல் வைத்தாள்.

 படகு அம்மாவுக்கு முடியாது, தன் வீட்டுக்கே வந்துவிடுவாள் என்று தீப்தி நிச்சயமாக நம்பியிருந்தாள். அருகில் போய், உண்மையைச் சொல் என்று பாதி இந்தியில் மெதுவாகக் கேட்டாள்.

"சச் பதாவ், மா. உனக்கு டர் இல்ல?"

"பயமில்லாம என்ன கண்ணு. எனக்கு நீச்சத் தெரியாது. கெணத்தை எட்டிப் பாத்தாலே தலை சுத்தும். ஆனா உங்கப்பா அங்க தனியாக் கெடந்தா, நான் உன்ற ஊட்டுல எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் வெசனமாத்தான் இருக்கும். எருமை மெதுவாப் போனாலும் பால் குடுக்கும். போதும்."

பால் பொங்கி வழிந்தது. சாக்பீஸ் கோட்டில் வெள்ளையோடு வெள்ளையாக ஓடியது. கோவிந்தராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று சொன்னார், பம்ப் ஸ்டவ்வில் ஏது அவ்வளவு புகை. குதிரை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷமே விட்டுவிட்டார். அவள் வருகிறாள், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மல்லிகா கோயமுத்தூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, படகில்தான் இருக்கப் போகிறோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டு வந்தாள்.

சாப்பாடு ஆயிற்று. எருமையின் கட்டிலில், பந்தல் நிழலில், மல்லிகா தூங்கிப்போனாள். கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று தீப்தி அதை எடுத்தாள். அடியில் கவர். பிரித்தாள். நாலைந்து படங்கள். ஒன்றில் எருமையின் உட்புறம். ரஃபீக்கே நடுவில் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கத்துப் பெஞ்சின் விளிம்பு அவருடைய ஒரு முழங்காலைத் தொட்டது, அந்தப் பக்கத்து விளிம்பு மற்ற முழங்காலைத் தொட்டது. நடுவில் பாய் விரிக்க அல்ல, ஒரு வாளி வைக்கத்தான் இடம்.

தீப்தி படத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். படத்தை அப்பாவின் கையில் கொடுத்தாள்.

கோவிந்தராஜ் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தாளில் இருந்த அகலம் படகின் மேல்தட்டு அகலம். படகின் உடம்பு கீழே போகப் போகக் குறுகும். நடமாடும் தரை அந்த அகலத்தில் பாதிகூட இருக்காது. வாணலியின் வாயை அளந்துவிட்டு, அடியிலும் அத்தனை அகலம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஏரியில் அவர் ஓட்டியதெல்லாம் திறந்த சின்னப் படகுகள். அவற்றில் அறை ஏது, அலமாரி ஏது. உள்ளே வாழ்வதற்கான அளவு என்று ஒன்று தனியாக இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை.

தீப்திக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அம்மாவிடம் சொன்னால் போதும், காரியம் முடிந்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை.

"கண்ணு, இப்பச் சொல்ல வேண்டாம். அங்க போனாச் சரியாயிரும். ரெண்டு நாள் இருந்தாப் பழகிரும்" என்றார் கோவிந்தராஜ். குரல் அவருக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"மெஷின், அப்பா?"

அவர் சூரியனைப் பார்த்தார். விளக்கு வைப்பதற்குள் ரஃபீக்குக்குச் சொல்ல வேண்டும். இப்போது சொல்லாவிட்டால் எருமை கோவாவுக்குப் போய்விடும். படத்தைக் காட்டாமல் வாங்கினால் மல்லிகா வருவாள், நிச்சயம் வருவாள், தம்பியிடம்கூடச் சொல்லிவிட்டாளே. வந்து, முதல் நாள் படியிறங்கி, அந்த வாளி அகல இடத்தில் நிற்பாள். நின்று அவரைத் திரும்பிப் பார்ப்பாள்.  முப்பது வருஷத்தில் அவள் அவரை நம்பாமல் பார்த்ததில்லை.

எழுந்து, டப்பாவிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார்.

பழைய கோடுகளை அழிக்கவில்லை. படத்தைப் பார்த்து, மனசில் கணக்குப் போட்டு, உள்பக்கமாகப் புதுக்கோடு போட்டுக்கொண்டே வந்தார்.  சமையலறை சுருங்கியது. பாய் விரித்த இடம் காணாமல் போனது. மெஷின் இருந்த இடத்துக்கு வந்ததும் கோடு அதன் இரும்புக் காலுக்கு நடுவில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. கடைசியில் கட்டில். மல்லிகா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உண்மையான கோடு அவள் முதுகோடு ஒட்டிப் போயிற்று. பின்னால் மடங்கிக் கிடந்த அவளுடைய ஒரு கை கோட்டுக்கு வெளியே, கடலில் கிடந்தது.

சாக்பீஸ் உரசும் சத்தத்தில் அவள் கண் விழித்தாள்.

"இது எப்ப வந்த கோடு?"

கோவிந்தராஜ் மண்டியிட்டபடியே சொன்னார். அகலத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டதை, வாணலிக் கணக்கை, படத்தை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கொஞ்ச நேரம் நினைத்ததையும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

மல்லிகா படத்தை வாங்கிப் பார்த்தாள். ரஃபீக்கின் முழங்காலைப் பார்த்தாள், தன் மெஷினைப் பார்த்தாள். எழுந்தாள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கப் போனாலும், தம்பிக்குப் போன் பேசப் போனாலும் கோலம் போட்ட வாசல் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தவள், இப்போது நேராகச் சுவருக்குள் காலை வைத்து, பழைய கோட்டையும் புதுக்கோட்டையும் சேர்த்து மிதித்துக்கொண்டு வெளியே நடந்து கீழே போனாள்.

 கோவிந்தராஜ் தலையைத் தூக்கவே இல்லை.

கீழே போன் மணி அடித்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது, ரஃபீக் முந்திக்கொண்டார். கோவிந்தராஜ் எழுந்து படியிறங்குவதற்குள் மல்லிகா எடுத்துவிட்டாள். அவளுடைய இந்தி காய்கறி மார்க்கெட்டில் கற்றது, பாதி மராட்டி. ஆனால் அதில் யாரும் அவளை ஏமாற்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை அந்தக் கனமான படகை யாருக்கும் பேச வேண்டாம் என்றாள். நேரில் வந்து பார்க்கிறேன் என்றாள். சார் வரவில்லை, நானும் மகளும் மட்டும்தான் வருகிறோம் என்றாள். ஒரு ராத்திரி அதில் தங்க வேண்டும், உள்ளே அடுப்பு எரிகிறதா என்று கேட்டாள். என்ன பதில் வந்ததோ, சரி என்று போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் தன்னையும் சேர்த்ததைக் கேட்டுத் தீப்தி படியிலேயே நின்றுவிட்டாள்.

மல்லிகா அறைக்குள் கொடியில் கிடந்த தையல் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பால் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துப் பயணப் பைக்குள் வைத்தாள். 

"மல்லி, நானும் வர்றேனே" என்றார் கோவிந்தராஜ்.

"வேண்டாமுங்க. நீங்க வந்தா உங்க கண்ணுலதான் பாப்பேன். மத்தியானம் காச்சுனது கணக்குல இல்ல. அங்க போயி, தண்ணிக்கு மேல வெச்சுக் காச்சிக்கறேன். பொங்குனாப் பொங்கட்டும்."

"பொங்கலீன்னா?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.  கோவிந்தராஜ் வாளியில் தண்ணீர் பிடித்து, பழைய துணி ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தார்.

"அதை அழிக்காதீங்க" என்றாள் மல்லிகா. "ரெண்டாவதாப் போட்டீங்களே, அந்தக் கோடாவது நெசமான்னு நான் அளந்துட்டு வந்து சொல்றேன்."